ஊசிச் சீட்டு

“எம்மா, இதுல கையெழுத்துப் போட்டுட்டு இந்தக் கட்டுல மேல இருக்கற கவரை எடுத்துக்கோங்க. நர்ஸ் வர வரைக்கும் கையிலேயே வெச்சிருங்க,” என்றார் டாக்டர் ஜெகதீஸ்வரன்.

இருசம்மாள் கையெழுத்துப் போட்டு, மேல் கவரை எடுத்தாள். காலையில் வலைக் குவியலைப் புரட்டிய அவள் புருஷன் கோதண்டத்தைக் காலில் செந்தேள் கொட்டிவிட்டது. தொப்பலாக வியர்த்து, கைகால் ஜில்லிட்டு, நெஞ்சு படபடவென்று அடிக்க, பழவேற்காட்டிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இந்த மனுஷனை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

“மாத்திரை எல்லாருக்கும் உண்டு, குடுத்தாச்சு. அதோட விஷமுறிவு ஊசியும் சேத்தா சீக்கிரம் தெளியுதான்னு ஆராய்ச்சி பண்றோம். யாருக்கு ஊசின்னு கவர்ல இருக்கற சீட்டுதான் சொல்லும். வந்த வரிசைப்படி ஆளுக்கு ஒண்ணு.”

சீட்டு என்றதும் இருசம்மாளுக்குத் தெம்பு வந்தது. ஏரியில் வலை போடும் இடமான ‘பாடு’ யாருக்கு எது என்பதையே சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிற குப்பம் அவளுடையது. அவளுக்கா சீட்டு புதுசு?

பிரித்தாள். ‘மாத்திரை மட்டும்’ என்றிருந்தது.

“அட கஷ்டகாலமே!”

அடுத்த கட்டிலில் சின்னப்பன். ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். கூடையைத் தூக்கும்போது கையில் கொட்டு வாங்கி, அரைமணி முன்னால் வந்து சேர்ந்தவர். அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆயாவாக இருக்கும் அவருடைய அக்கா பவுனம்மாளைப் பிரசவ வார்டுக்குக் கூப்பிட்டுப் போயிருந்தார்கள். அவர் சீட்டில் ‘மாத்திரையும் ஊசியும்’. மனிதர் அதைத் தள்ளிப் பிடித்தார்.

“ஊசின்னா எனக்கு உசிரே பூடும்மா. அதுக்குத் தேளே தேவலாம்.”

“அப்ப மாத்திக்கலாம்ணே! சரியில்லாத பாடு வுழுந்தா நாங்க சொந்தத்துக்குள்ள மாத்திக்கிறதில்லியா? அதாட்டம்தான்.”

கவர்கள் கை மாறின. வந்த நர்ஸ் ஊசிக் கவரில் குறித்திருந்த கட்டில் நம்பரைப் பார்த்தாள், கோதண்டத்தின் கட்டிலைப் பார்த்தாள். “இது பதினொண்ணாம் நம்பர் கட்டில் சின்னப்பனோடதாச்சே?” என்று இழுத்தாள். இருசம்மாள் அசரவில்லை. நர்ஸ் மருந்தெடுக்கத் திரும்பிய நேரத்தில் கட்டிலும் மாறியது. பெயர் எழுதிய அட்டை மட்டும் கட்டிலோடு தொங்கியது.

ஊசி ஏறியது. ஆனால் கோதண்டம் இப்போது சின்னப்பன் ஆகிவிட்டான். சின்னப்பனுக்கோ சர்க்கரை வியாதி. மணிக்கொரு தரம் யாராவது வந்து கோதண்டத்தின் விரலில் குத்தினார்கள்.

“இன்னாடி இது? தேளு ஒரு தபாதான் கொட்டுச்சு!”

“வாய மூடுய்யா. உன் பேரு சின்னப்பன்.”

கோதண்டத்தின் பேரில் வந்த சர்க்கரை போட்ட டீயும் பன்னும் நேராகச் சின்னப்பனிடம் போயின. இருசம்மாள் பாய்ந்து பிடுங்கி, வேறு வழியில்லாமல் தானே சாப்பிட்டாள்.

சாயங்காலம் கோதண்டத்தின் கை கதகதப்பானது. வியர்வை நின்றது. “நெத்திலி வறுத்துத் தாயேன்,” என்றான். இருசம்மாளுக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது. சின்னப்பனும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் வந்து அட்டையைப் பார்த்தார்.

“சின்னப்பன், கையைக் காட்டுங்க.”

கோதண்டம் காட்டினான். கை சுத்தமாக இருந்தது. வீங்கியிருந்தது கால்.

“கையில கொட்டினது காலுக்கு எப்படி வந்துச்சு?”

“வெஷம் எறங்கிடுச்சு சார்!” என்றாள் இருசம்மாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலில் சின்னப்பன் நைசாகக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். “ஆறு மாச ஆராய்ச்சிம்மா! மொத்தமும் பாழ்!”

இருசம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “ஆமா சார், நான்தான் சீட்ட மாத்தினேன். கட்டில மாத்தினேன், பேரையும் மாத்தினேன். அதான் எங்க வூட்டுக்காரரு பொழச்சிக்கினாரு. இன்னா பண்ணிடுவீங்க?”

தம்பிக்குக் கஞ்சி கொண்டுவந்த பவுனம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அடிப்பாவி! என் தம்பிக்கு ஊசி கெடைக்கணும்னு, கவர லைட்டுல புடிச்சிப் பாத்து, அடியில இருந்தத மேல மாத்தி வெச்சவளே நான்தாண்டி!”