213ஆம் பக்கத்து ஆபாசம்

தமிழ்ப் பண்பாடு இன்னும் மூச்சு விடுகிறது என்றால், பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு தமிழ் மன்றமும் அந்த மன்றத்திடம் ஒரு சவர பிளேடும் இருப்பதே காரணம்.

மன்ற நூலகத்தில் ஒரு பழைய நாவல் இருந்தது. ஊர் ஊராக எதிர்ப்பைச் சம்பாதித்த நாவல். மன்றத்தின் 'தூய்மைக் குழு' அதை எரிக்கவில்லை, எரிப்பது காட்டுமிராண்டித்தனம். குழுவினர் மூவரும் ஆளுக்கொரு தாளை மட்டும் நறுவிசாக வெட்டி, பிறர் கண்ணில் படாதபடி வீட்டில் வைத்துக் காத்தார்கள். மிச்சத்தை அவர்கள் படிக்கவே இல்லை. அத்தனை புலனடக்கம்!

குழுத் தலைவர் சாமிநாதனின் மகள் பார்கவிக்கு அந்த அடக்கம் கிடையாது. பி.யு.சி. முடித்ததும் "படிச்சது போதும்" என்று அப்பா வீட்டில் உட்கார வைத்த பெண். நாவலில் வரும் அஞ்சலையையும் அவள் அப்பா அப்படித்தான் உட்கார வைத்திருந்தார். 212ஆம் பக்கத்தின் கடைசி வரி: 'அஞ்சலை அப்பாவின் முகத்தைப் பார்த்து,'. அதோடு சரி. அடுத்த தாள் இல்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரி பார்கவிக்கு இடம் கொடுத்திருந்தது. சேர இன்றே கடைசி நாள். அஞ்சலை என்ன சொன்னாள் என்று தெரியாமல் இவள் எப்படி வாயைத் திறப்பது?

நாவலை நிரந்தரமாக நீக்கும் கூட்டமும் இன்றுதான். சாட்சியமாக மூன்று தாள்களும் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் படிக்கக் கேட்டு, ஆபாசமா இலக்கியமா என்று வாக்கெடுப்பு. தன் தாளைத் தானே படிக்க ஒருவரும் துணியவில்லை. ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்த பார்கவியிடம் அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது.

முதலில் சொர்ணம் அம்மாள் வெட்டிய தாள். ஒரு மாமியார், மருமகள் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து மகன் தட்டில் போடுகிறாள்.

"இன்னா எழுத்து மேன்!" என்று குழுவின் மூன்றாமவர் கிளாரன்ஸ் மேசையைத் தட்டினார். "அப்படியே நம்ம..."

"நம்ம யாரு?" என்றார் சொர்ணம். "என் வீட்டுல எட்டிப் பாத்துட்டு எழுதியிருக்கான். மானநஷ்டம் சார் இது!"

"எழுதி எழுபது வருஷமாச்சும்மா," என்றார் சாமிநாதன். "இலக்கியத்தை இலக்கியமா பாக்கணும்."

இரண்டுக்கு ஒன்று. இலக்கியம்.

அடுத்தது கிளாரன்ஸின் தாள். வாடகைக்கு வந்தவரின் சாதி தெரிந்ததும், வீட்டுக்காரர் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் 'காலி இல்லை' என்கிறார்.

"நான் சாதியே கேட்டதில்ல பா!" கிளாரன்ஸ் எழுந்துவிட்டார். "சொந்த ஊரு எது, அங்க எந்தத் தெருன்னு மட்டும்தான் கேப்பேன்."

சொர்ணம் அம்மாளுக்குச் சிரித்ததில் புரை ஏறியது. இரண்டுக்கு ஒன்று.

மூன்றாவதைச் சாமிநாதன் கையால் மூடிக்கொண்டார். "இது வேணாம். குடும்பத்தையே கலைச்சிடும்."

"இலக்கியம் சார்!" என்றார்கள் மற்ற இருவரும் ஒரே குரலில்.

பார்கவி படித்தாள்: "'சோறு வடித்து வைத்திருக்கிறேன் அப்பா. நேரமாகிறது, படிக்கப் போய்வருகிறேன்' என்றாள்."

அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்திலும் ஆபாசம் இல்லை. இரண்டுக்கு ஒன்று, நாவல் முழுதாக மீண்டது.

பார்கவி அப்பாவின் முகத்தைப் பார்த்து, "ஃபிளாஸ்க்ல காபி இருக்குப்பா. நேரமாச்சு, காலேஜுல சேந்துட்டு வரேன்," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மூன்று தாள்களையும் நாவலுக்குள் செருகியபடி சாமிநாதன் கேட்டார். "அந்த அஞ்சலை... திரும்பி வந்தாளா?"

"படிச்சாதானே சார் தெரியும்?" என்றார் கிளாரன்ஸ்.

முப்பது ஆண்டுகளாக அந்த நாவலை எதிர்த்தவர் அன்றுதான் அதன் முதல் பக்கத்தைப் புரட்டினார்.

ஆகவே, நீங்களும் அதை அவசியம் படியுங்கள். உங்களுக்கான தாளும் அதில் இருக்கிறது. பிளேடு மேசைமேல்தான் கிடக்கிறது.