பதிப்பாசிரியராகிவிட்ட கொசுவுக்கு, திட்டு கிடைக்காத ஒருவன் எழுதுவது

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

தாங்களும், அலுவலகத்தாரும், புதிதாக வாங்கியிருக்கும் அந்தப் பெரிய பிரிண்டரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். முட்டிவலி மட்டும் தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இது என் ராஜினாமாக் கடிதம். எடுத்த எடுப்பிலேயே இப்படிப் போட்டு உடைப்பது மரியாதை ஆகாது என்று தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தில் நான் புகார் சொல்லப்போவதே மரியாதையைப் பற்றித்தான் என்பதால், என் பங்குக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

காரணம் சொல்லாத ராஜினாமாவை என் பழைய ஆலையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் நெசவு இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்றேன், அடுத்து வீட்டம்மாவும் போய்ச் சேர்ந்தாள், அந்த மொழியைப் படிக்க ஒரு காகிதம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் தளம் கண்ணில் பட்டது. அந்த நாட்டுக் காமிக்ஸை யாரையும் கேட்காமல் தமிழாக்கி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று போட்டுக்கொண்டிருந்தீர்கள். ‘மொழிபெயர்க்க ஆள் தேவை. சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது’ என்று ஒரு விளம்பரம். இவ்வளவு நேர்மையான விளம்பரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை, உடனே சேர்ந்துவிட்டேன்.

தளத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பக்கம் எங்கே, பக்கம் எங்கே என்று காதருகே ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும் தலைமைக்குக் கொசு என்று பெயர். படத்தில் ஆட்கள் பேசுவதற்காக வரைந்திருக்கும் குமிழ்களில் உள்ள அந்நிய எழுத்தை அழித்துக் கொடுப்பவனுக்கு ரப்பர். நான் தமிழில் எழுதித் தருவேன், நீங்கள் அதைக் குமிழுக்குள் அடைத்து, போட்டிக் கும்பல் முந்திக்கொள்வதற்குள் தளத்தில் ஏற்றுவீர்கள். முதல் வாரமே என் வண்டவாளம் தெரிந்துபோயிற்று. இரண்டு எதிரிப் படைகளுக்கு நடுவே கடிதம் சுமந்து ஓடும் ‘தூதுக்காரி’யின் கதை அல்லவா, அதில் அவள் தளபதியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னை விட்டுப் போகாதே என்று அழுகிற இடம். ‘இணைப்பு கழலாதவாறு பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதி அனுப்பினேன். எனக்குத் தெரிந்த மொழி அப்படித்தான் பேசும். நீங்கள் அனுப்பிய பதில் இன்னும் நினைவிருக்கிறது. “டேய், அவ லவ்வச் சொல்றாளா, மோட்டார மாட்டுறாளா?”

அன்றைக்குத்தான் எனக்குப் பெருசு என்று பெயர் வைத்தீர்கள். யாரோ கல்லூரிப் பையன், கிழவன் மாதிரித் தமிழ் எழுதுகிறான் என்று உங்கள் எல்லோருக்கும் எண்ணம். நான் திருத்தவில்லை. திருத்தினால் அந்த ‘டேய்’ போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம். “டேய் பெருசு, எங்கடா பக்கம்? தூங்குமூஞ்சி, எந்திரிடா” என்று காலையில் செய்தி வந்து போன் சிணுங்கும், அப்போதுதான் பல் தேய்க்கப் போவேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சண்டை. ‘ஆகவே’ என்ற சொல்லை நான் எழுதுவதும் ரப்பர் அதை வெட்டுவதும் வாரக்கணக்கில் நடந்த போர், தூதுக்காரியின் போரெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் கீழே காலியாக இருக்கும் இடத்தை எனக்கென்று விட்டிருந்தீர்கள். அங்கே நான் வாசகர்களோடு நாலு வார்த்தை பேசுவேன். மழை பெய்கிறது, முட்டி வலிக்கிறது, வைத்த சோறு குழைந்துவிட்டது, இவ்வளவுதான். முகம் தெரியாத பிள்ளைகள் கீழே வந்து, “முட்டி எப்படிடா இருக்கு? ஃபுட்பால் ஆடுறத நிறுத்தித் தொலை” என்று அக்கறையாகத் திட்டுவார்கள். நான் பந்தைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

நாம் செய்தது திருட்டு. அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. மனுஷர் அங்கே உட்கார்ந்து முதுகு ஒடிய வரைகிறார், நாம் இங்கே ஓசியில் பந்தி வைக்கிறோம் என்பது சரியில்லைதான். அந்தக் காமிக்ஸ் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று ஜெயிலுக்கு என்னென்ன கொண்டுபோகலாம் என்று நான் ஒரு பையே கட்டி வைத்துவிட்டேன். நீங்கள்தான் தைரியமாக அவர்களுக்குப் பதில் எழுதி, தளத்தை மூடுகிறோம், உரிமம் கொடுங்கள், முறையாகப் புத்தகம் போடுகிறோம் என்று பேசிப் பேசி அவர்களைக் கரைத்தீர்கள். கொசு என்று வைத்த பெயர் அந்த விஷயத்தில் மிகப் பொருத்தம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட எல்லோரும் நேரில் வாருங்கள் என்றதும் நான் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறு அன்றைக்கு அங்கே போனதுதான்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, பெயிண்ட் வாசனை போகாத அந்த அறையில் நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தேன். நெடுநெடுவென்று ஒரு பையன் வந்து, “வாடகை விஷயமா அய்யா? மேடம் வந்துருவாங்க, இருங்க” என்று மின்விசிறியைப் போட்டான். குரலைக் கேட்டதுமே ரப்பர் என்று தெரிந்துவிட்டது, ‘ஆகவே’யை வெட்டுகிறவன் குரல் அப்படித்தான் இருக்கும். பிறகு நீங்கள் வந்தீர்கள். கொசு என்றால் மீசை வைத்த முரட்டு ஆள் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் தோளில் பையும் கையில் ஹெல்மெட்டுமாக எனக்கு மகளாக இருக்க வேண்டிய வயதில் ஒரு பெண். “நான்தான் பெருசு” என்றேன். கீழே கடையில் யாரோ கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைச் சத்தமாகப் படிப்பது மேலே கேட்டது. அப்புறம் நீங்கள் எழுந்து நின்றீர்கள். “சார்… உக்காருங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா சார்?” அதோடு முடிந்தது. பொய்யாக இருந்த வரைக்கும் வாய் நிறையக் கூப்பிட்ட பெயர், நிஜம் என்று தெரிந்ததும் யாருக்கும் வாயில் வரவில்லை. டீ வந்தது. தூங்குமூஞ்சி என்றதற்கு, சோம்பேறி என்றதற்கு, மண்டையில் களிமண் என்றதற்கு என்று நீங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வைத்து மன்னிப்புக் கேட்டீர்கள். நீங்கள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றும் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே இருந்தேன், அது கரைந்தே போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கௌரவம்தான். “சார், பக்கங்கள் தங்களுக்கு எப்போது வசதிப்படுமோ அப்போது அனுப்பலாம்” என்று நீ எழுதுகிறாய், மன்னிக்கவும், நீங்கள் எழுதுகிறீர்கள். காலையில் போன் சிணுங்குவதில்லை. பல் தேய்ப்பதற்கு மதியம் ஆகிவிடுகிறது. சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு பக்கத்தில் ‘ஆகவே’ என்று ஒன்பது இடத்தில் போட்டு அனுப்பினேன். ரப்பர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. “நல்லா இருக்கு சார்” என்று பதில். அவன் நல்லா இருக்கு என்று சொன்னால் படிக்கவில்லை என்று அர்த்தம், அது எனக்குத் தெரியாதா.

படிக்கவில்லை என்பது முதல் தொகுதி அச்சாகி வந்ததும் வெட்டவெளிச்சமாயிற்று. கடைசிப் பக்கத்தில் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. இது உரிமம் பெற்ற புத்தகம், இங்கே நமக்கு இடம் கிடையாது என்று புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன். ‘மக்களே, இங்கே மழை. முட்டி பரவாயில்லை. வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லாததால் இந்த அத்தியாயம் சீக்கிரமே முடிந்தது. நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?’ பழைய நாளாக இருந்தால் பார்த்த நிமிஷமே, “டேய், என்னடா ஒப்பாரி?” என்று நீ பிடித்திருப்பாய். சார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று ரப்பர் விட்டான், சாருடையதை ரப்பர் பார்த்திருப்பான் என்று நீ விட்டாய், தமிழ் தெரியாததால் உரிமம் கொடுத்தவர்கள் விட்டார்கள். தூதுக்காரி உயிரைப் பணயம் வைத்து ஆற்றைக் கடக்கிற படத்துக்கு நேர் கீழே என் முட்டி அழகாக அச்சேறிவிட்டது.

சரி, இன்றைக்காவது செம்மையாகத் திட்டு கிடைக்கும் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நீ கூப்பிட்டாய். “பரவால்ல சார், சின்ன விஷயம், நாங்க பாத்துக்குறோம். நீங்க ரெஸ்ட் எடுங்க.” அவ்வளவுதான். எல்லாப் பிரதியிலும் அந்த இடத்தை மறைக்க வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினீர்களாம். அறை முழுக்கப் புத்தகத்தைப் பரப்பி, தரையில் உட்கார்ந்து, பாட்டுப் போட்டுக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் ஸ்டிக்கரை ஒட்டி விளையாடிக்கொண்டு நாள் முழுக்க ஒட்டினீர்களாம். ரப்பர்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். “என்னையும் கூப்பிட்டிருக்கலாமே” என்றேன். “அய்யோ சார், கீழ உக்காந்தா உங்க முட்டி என்னத்துக்கு ஆகும்” என்றான். தப்புச் செய்தவன் நான். அதைச் சரிசெய்கிற கும்பலில் எனக்கு மட்டும் இடமில்லை. அன்றைக்குப் போனை வைத்துவிட்டு அழுதேன். இந்த வயதில் இதற்கெல்லாம் அழுவதா என்று யாரும் கேட்கவில்லை, கேட்க ஆள் இருந்தால் ஏன் அழப்போகிறேன்.

மறுநாள் புத்தகக் கடைக்குப் போய் ஒரு பிரதி வாங்கினேன். கடைப்பெண் உறையில் போட்டுக்கொண்டே, “பேரனுக்கா அங்கிள்?” என்றாள். ஆமாம் என்றேன். பேரனும் கிடையாது, பேரனைப் பெற்றுக் கொடுக்கப் பிள்ளையும் கிடையாது. வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரைப் பிரித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறீர்கள், கிழிந்துதான் வந்தது. ஒப்பந்தப்படி முதல் பக்கத்தில் என் முழுப்பெயர் இருக்கிறது. அது யார் என்று எந்த வாசகனுக்கும் தெரியாது. இணையத்தில் ஒருவன் எழுதியிருக்கிறான், ‘காகிதமெல்லாம் அருமை. புது மொழிபெயர்ப்பாளரும் பரவாயில்லை. ஆனா நம்ம பெருசு அளவுக்கு வராது. அவனை ஏன்டா தூக்கிட்டாங்க?’ என்று. என்னைவிட நான் மட்டம் என்று தீர்ப்பாகிவிட்டது. கீழே, பெருசு நல்லா இருக்கானா, எங்கே இருக்கான் என்று நாலைந்து பேர் விசாரித்திருந்தார்கள். நான்தான்டா அது, இங்கேதான் இருக்கிறேன் என்று எழுதப் போனேன். உரிமம் கொடுத்தவர்களின் விதிப்படி பழைய தளத்தைப் பற்றி நாம் மூச்சு விடக்கூடாது. எழுதினதை அழித்துவிட்டேன்.

ஆகவே (இதையும் வெட்டமாட்டான்), தூதுக்காரி இரண்டாம் தொகுதியிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். புத்தகம் போடுவது நல்ல காரியம், வரைந்தவருக்குச் சேர வேண்டியது சேர்கிறது, உன்னை நினைத்து எனக்குப் பெருமைதான். என்னிடம்தான் கோளாறு. மரியாதையாக வாழ எனக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. திட்டுகிறதற்கு ஒரு ஆள் இருந்த வரைக்கும் நான் வீட்டில் தனியாக இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. இளைஞர் யாரையாவது சேர்த்துக்கொள்ளவும். அவனைச் சார் என்று மட்டும் கூப்பிட வேண்டாம்.

நீயும் உன் வீட்டாரும் எக்குறையும் இன்றி இருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கொண்டு அந்த வீட்டில் ‘ஆகவே’ சொல்ல ஒருத்தி வரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒப்பந்தத்தில் உள்ள பெயர்க்காரன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடவும். இரண்டாம் தொகுதியை முழுசாக முடித்து நேற்றே உனக்கு அனுப்பியாகிவிட்டது. அதில் பதினோரு இடத்தில் வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறேன், எங்கே என்று சொல்ல மாட்டேன். படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் போனில் திட்டாதே, எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று வைத்துக்கொள், நேரில் வந்து திட்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். மற்ற நாளும் வீட்டில்தான் இருப்பேன்.