காணாமல் போன ஓட்டைகள்

நிறுவனத்தின் சொத்து எள்ளளவும் குறையக் கூடாது என்பது மேலிடத்தின் மேலான கொள்கை. அதன்பொருட்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சரிபார்ப்பு அதிகாரி எழுந்தருளினார்.

முதல் சரிபார்ப்பு பக்கத்து மேசை இரும்பக்காவுக்கு; இரும்பில் ஆராய்ச்சி செய்வதால் நாங்கள் வைத்த பெயர். பாவம், தற்காலிக வேலை. அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் பணி நீட்டிப்பு. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இரும்பையும் கரிமச் சேர்மத்தையும் வலைபோலக் கோத்து அவர் ஒரு செந்நிறப் பொடி செய்திருந்தார். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். நனைந்தால் விரியும், தண்ணீரிலுள்ள நஞ்சைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் மூடிக்கொள்ளும்.

அதிகாரி பொடியைக் கருவியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்ததும் முகம் கறுத்தது.

"போன வருஷம் பெரிய பெரிய ஓட்டைன்னு எழுதியிருக்கு. எங்கம்மா அதெல்லாம்?"

"காய்ஞ்சிருக்கு சார். மூடிக்கிச்சு."

"யாரைக் கேட்டு மூடிச்சு?"

அக்கா பதறிப்போய் நாலு சொட்டு ஆல்கஹால் விட்டார். "பாருங்க சார், திறந்தாச்சு!"

"வந்தது சரி. இத்தனை நாள் எங்கே போயிருந்துச்சு? இது அதே பழைய ஓட்டைதான்னு என்ன அத்தாட்சி?"

அடக் கொடுமையே! இயக்குநர் ஓடி வந்தார். அப்போது நிறுவனத்தில் 'உருமாற்ற ஆண்டு' அமளிதுமளிப்பட்டுக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் பதாகை, இயக்குநர் சட்டையில் 'மாறு! மாற்று!' வில்லை.

"சார், உருமாறுறதுதான் சார் இதோட குணமே," என்றார் அக்கா, அந்த வில்லையைப் பார்த்து நம்பிக்கையோடு.

"உருமாற்றம்னா நாம அறிவிச்சு நடக்கணும்மா. பொருள் தன் இஷ்டத்துக்குப் பண்ணினா அது ஒழுங்கீனம்," என்றார் இயக்குநர்.

உடனே குழு கூடியது. ஓட்டைகள் திறந்திருக்கும்போதே பசை ஊற்றி அவற்றை நிரந்தரமாக்குவது என்று ஏகமனதாக முடிவானது.

"பசை ஊத்தினா ஓட்டை அடைஞ்சுடுமே சார்! அப்புறம் நஞ்சை எப்படிப் பிடிக்கும்?"

"அடைஞ்சா என்னம்மா? மூடலையே!" என்றார் அதிகாரி. "பசைக்குள்ள பத்திரமா இருக்கும். நான் எப்ப வந்தாலும் எண்ணிக்கலாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். வேறு என்ன செய்ய, எனக்கும் வீடு இருக்கிறதே. ஆறு வருட உழைப்பின் தலையில் அவரே பசையை ஊற்றினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

இப்போது பசையில் இறுகிப்போன அந்தக் கட்டி கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. எந்த நிலையிலும் மாறாத பொருள் என்று உருமாற்ற ஆண்டின் முதல் பரிசு அதற்குத்தான். அக்காவுக்கு நீட்டிப்பும் கிடைத்தது. கட்டி மாறாமல் இருக்கிறதா என்று தினமும் பார்த்துச் சொல்வது வேலை. விழாவில் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

அடுத்த சரிபார்ப்பு என் மேசைக்கு. என்னுடையது வளர்கிற படிகம்; போன வருஷத்தைவிட வளர்ந்து தொலைத்திருக்கிறது. விழுந்தடித்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பசை கேட்டேன். தீர்ந்துவிட்டதாம். எங்கள் மாடியில் வேலை செய்கிற அத்தனை பேரும் எனக்கு முன்னாலேயே வந்து வாங்கிப் போய்விட்டார்களாம்.