முன் அனுமதி பெறாத உண்மை

விளையாட்டு உணர்வு இல்லாத ஊழியரால் நிர்வாகத்துக்கோ பொதுமக்களுக்கோ எந்தப் பயனும் இல்லை என்பதை, எடை அளவு அலுவலகத்தின் இயக்குநர் இரண்டு நாள் பயிற்சி முகாமில் தெரிந்துகொண்டு வந்தார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. அதன் பின்னாலேயே, நெஞ்சில் 'நேர்மையே வெற்றி' என்று அச்சடித்த நாற்பத்திரண்டு நீல பனியன்கள் வந்தன. எல்லாம் ஒரே அளவு. ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் சோதிக்கும் அலுவலகம் என்பதால் பனியன் அளவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

குடிநீர் அலுவலகத்தோடு இறகுப்பந்துப் போட்டி என்று முடிவாயிற்று. இரட்டையர் ஆட்டத்தில் இயக்குநரே ஆடுவதாக இயக்குநரே ஒருமனதாகத் தீர்மானித்தார். அவருக்கு முழங்கால் வலி. ஆகவே கூட ஓடுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எடைக்கற்களுக்கு முத்திரை குத்தும் எழுத்தர் கல்லூரி நாளில் ஆடியவர். 'முத்திரை' என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

"நீங்க ஓடுங்க. நான் திட்டம் போடுறேன்" என்று இயக்குநர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை மாலை. கடைசி ஆட்டம். இருபதுக்குப் பத்தொன்பது. இன்னும் ஒரே புள்ளி வந்தால் கோப்பை இயக்குநரின் மேசைக்கு வந்துவிடும். குடிநீர்க்காரர் ஓங்கி அடித்த பந்து கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. நடுவர் 'வெளியே' என்று கைகளை விரித்துக் காட்டினார். நீல பனியன்கள் எழுந்து குதித்தன. இயக்குநர் இரண்டு கைகளையும் தூக்கி, புகைப்படத்துக்குத் தோதாகத் திரும்பி நின்றார்.

அப்போது முத்திரை சொன்னார்: "சார், பந்து என் மட்டையில பட்டுட்டுத்தான் போச்சு. புள்ளி அவங்களுக்கு."

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. தட்டச்சு அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இயக்குநர் முத்திரையின் தோளைத் தட்டி, "இதுதான் விளையாட்டு உணர்வு!" என்று ஒலிவாங்கிக்குக் கேட்கும்படி சொன்னார். தட்டு கொஞ்சம் பலமாக இருந்தது. அடுத்த இரண்டு பந்தையும் இயக்குநரே வலையில் அடித்தார். கோப்பை குடிநீரோடு போய்விட்டது.

திங்கட்கிழமை முத்திரையின் மேசையில் ஒரு குறிப்பாணை இருந்தது.

'தாங்கள் கடந்த சனிக்கிழமை, அலுவலகத்தின் நலன் சார்ந்த தகவல் ஒன்றை, மேலதிகாரியின் முன் அனுமதியின்றி, பிற அலுவலகத்தார் முன்னிலையில் வாய்மொழியாக வெளியிட்டுள்ளீர்கள். தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

முத்திரை ஒரே வரியில் விளக்கம் எழுதினார்: 'பந்து மட்டையில் பட்டது.' குற்றத்தை மறுபடியும், இந்த முறை எழுத்து மூலமாக, செய்திருப்பதாகக் கோப்பில் பதிவாயிற்று.

அதற்குள் நோய் பரவத் தொடங்கியிருந்தது. குடிநீர்க்காரர் ஒருவர் மனசு கேட்காமல், முதல் ஆட்டத்தில் தன் கால் கோட்டை மிதித்ததாகக் கடிதம் எழுதினார். நடுவர், பாதி நேரம் தான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதினார். வென்றது யார் என்பதே தெரியாமல் போயிற்று. இதைத் தடுக்க அவசரச் சுற்றறிக்கை ஒன்று வந்தது: 'இனி உண்மை சொல்ல விரும்பும் ஆட்டக்காரர்கள், ஐந்து வேலை நாட்களுக்கு முன்னதாக, உரிய படிவத்தில், மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும்.'

முத்திரையை அறுபது கிலோமீட்டர் தள்ளி, லாரி எடைமேடைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வீட்டில் சொன்னார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"மாத்தட்டுமே, என்ன இப்போ? நீங்க செஞ்சதுல துளிகூடத் தப்பில்ல. எங்க வார்டு முழுக்க உங்களைப் பத்தித்தான் பேச்சு" என்றாள். முத்திரைக்கு அன்று இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கியது.

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். சாந்தமான மனிதர். வந்து சேரும்போது பதினொன்றேகால்.

"இதுதான் முதல் தடவையா?" என்று கேட்டார்.

"எதுங்க சார்?"

"உண்மையைச் சொல்றது. ஏதோ ஒரு தடவை வாய் தவறிடுச்சுன்னா மன்னிச்சுடலாம். பழக்கம்னா அது நிர்வாகத்துக்கு ஆபத்து இல்லையா?"

அது நியாயமாகத்தான் பட்டது. அதிகாரி வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் பிரித்தார். நாற்பத்திரண்டு பேரும், வெயிலென்றும் மழையென்றும் பாராமல், தினமும் சரியாக ஒன்பதரைக்கு வந்திருந்தார்கள்.

"நீங்க நேத்து எத்தனை மணிக்கு வந்தீங்க?"

முத்திரை வாயைத் திறந்தார். கதவுக்கு வெளியே நாற்பத்தொரு மூச்சு நின்றது.

"அவசரமில்ல. சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார் அதிகாரி.

சாப்பாட்டு அறையில் முத்திரையால் டப்பாவைத் திறக்க முடியவில்லை. சுற்றிலும் ஆட்கள்.

"அண்ணே, நீங்க லேட்டுன்னா நாங்களும் லேட்டுன்னு ஆயிடும்" என்றார் தட்டச்சு அம்மா. சனிக்கிழமை கலங்கிய அதே கண் இப்போதும் கலங்கியிருந்தது. "விளையாட்டுல நேர்மையா இருங்க, யார் வேணாம்னா? கையெழுத்து என்ன விளையாட்டா?"

முத்திரை ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் செய்தார்.

"பயப்படாதீங்க. என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்றாள். "ஆமா, என்ன கேட்டாங்க?"

"நேத்து எத்தனை மணிக்கு வந்தேன்னு."

மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, என்னை இறக்கி விட்டுட்டுத்தானே நீங்க ஆபீஸ் போறீங்க? நீங்க பத்தேகால்னு சொன்னா, நான் எட்டரைக்கு வந்ததா இங்க கையெழுத்துப் போட்டிருக்கேனே, அது என்ன ஆகும்?"

முத்திரை உள்ளே போனார். தலை குனிந்துகொண்டு, "ஒன்பதரை சார்" என்றார்.

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. 'ஊழியர் அடிப்படையில் நல்லவர். சனிக்கிழமை நிகழ்ந்தது கண நேரத் தடுமாற்றம் மட்டுமே' என்று எழுதினார். கதவுக்கு வெளியே கைதட்டல் எழுந்தது. போட்டியன்று கிடைத்ததைவிட இது நீளம். முதலில் தட்டியவர் இயக்குநர். இடமாற்றம் ரத்து என்று அங்கேயே அறிவித்தார். குழு உணர்வுக்கான சிறப்புச் சான்றிதழுக்கும் முத்திரையின் பெயரைப் பரிந்துரைத்தார்.

அதிகாரி அறிக்கையின் தலைப்பில் 'விசாரணை தொடங்கிய நேரம்: காலை 9.30' என்று நிரப்பிவிட்டு, தாளை முத்திரையின் பக்கம் நகர்த்தினார்.

"சாட்சிக் கையெழுத்து நீங்களே போட்டுடுங்க. உங்களை மாதிரி நேர்மையான ஆள் போட்டா மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

முத்திரை பேனாவை வாங்கினார்.