அம்மா சாக விடாத ஸோம்பி

படம் எடுக்கிறவன் தன் வீட்டு ஆட்களை நடிக்க வைக்கக்கூடாது. எனக்கு இது இருபத்தாறு வயதில், ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால்தான் விளங்கியது.

திருகோணமலையில் ஒரு குறும்படப் போட்டி. என்னிடம் ஒரு ஸோம்பிக் கதை இருந்தது. (இன்றைக்கும் சொல்கிறேன், கதை நல்ல கதை.) துறைமுகத்தில் வேலைசெய்யும் ஒருவர் செத்துப்போகிறார். அது அவருக்கே தெரியாது. மறுநாளும் எழும்பி, சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போகிறார். யாரையும் கடிப்பதில்லை. அலுவலகத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் மனைவி அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், "நீங்கள் செத்துப்போனீங்கள்" என்று சொல்ல, அவர் மணலில் சரியவேண்டும். சனம் அழவேண்டும். எனக்குப் பரிசு கிடைக்கவேண்டும்.

ஸோம்பியாக அப்பா. முப்பது வருடம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஸோம்பி நடை பழக்கத் தேவைப்படவில்லை. மனைவியாக அம்மா. கமராவுக்கு, குறிஞ்சாக்கேணியில் கலியாண வீடியோ எடுக்கிற என் சிநேகிதன் ரிஸ்வான்.

மூன்று நாள் ஒழுங்காகப் போனது. நாலாம் நாள் கடற்கரையில் அம்மா வசனம் சொல்ல மறுத்துவிட்டார்.

"என்ர வாயால அதைச் சொல்ல ஏலாது."

"அம்மா, இவ்வளவு நாளும் அவர் செத்த ஆளாத்தானே நடிச்சவர்?"

"நடமாடிக்கொண்டுதானே இருந்தவர். விழுறதெண்டா விடமாட்டன். கழுத்தில தாலி கிடக்கு."

முகமெல்லாம் மாப் பூசி வெயிலில் நின்ற அப்பா கேட்டார்: "நான் விழட்டோ, வேண்டாமோ? முழங்கால் நோகுது."

"மச்சான், பின்னேரம் எனக்குக் கிண்ணியாவில ஒரு கலியாணம்" என்றான் ரிஸ்வான். "கெதியா ஏதாவது முடிவெடு."

படம் மறுநாள் கொடுக்கவேண்டும். நான் களைத்துப்போயிருந்தேன்.

"சரி, நீங்களே முடியுங்கோ."

அம்மா பிளாஸ்கைத் திறந்து அப்பாவுக்குப் பால் விடாத தேத்தண்ணி, ஒரு பிளேன்ரீ, ஊற்றிக் கொடுத்தார். அப்பா குடித்தார். முகத்து மாவைத் துடைத்தார். "இப்ப சுகமாயிருக்கு" என்றார். படம் முடிந்தது.

போட்டியன்று முதல் பதினைந்து நிமிடமும் மண்டபத்தில் சத்தமேயில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்ததைக்கூடக் கண்டேன். பிறகு பிளேன்ரீ வந்தது. பின்வரிசையில் ஒருவன் சிரிக்க, மண்டபமே சிரித்தது. அப்பா அதைப் பாராட்டென்று நினைத்து எழும்பிக் கும்பிட்டார். நான் கதிரைக்கு அடியில் இல்லாத செருப்பைத் தேடினேன்.

நடுவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "தம்பி, தொடக்கம் அருமை. ஆனா, செத்த மனுசனை எழுப்ப அந்தத் தேத்தண்ணியில என்ன போட்டனீங்கள்?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "இஞ்சி."

அதோடு என் திரைவாழ்க்கை முடிந்தது. இப்போது ரிஸ்வானோடு கலியாண வீடியோ எடுக்கிறேன். எங்கள் லிங்கநகரில் யார் காய்ச்சல், வருத்தமென்று படுத்தாலும், "இஞ்சி போட்டுக் குடுத்தனீங்களோ?" என்று எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

போன வருடம் எனக்குக் கடும் காய்ச்சல். அம்மா மூன்று நாள் பிளேன்ரீயிலேயே வைத்திருந்தார். நாலாம் நாள் ரிஸ்வான்தான் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சேலைன் ஏற்ற வந்த தாதி என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அந்த ஸோம்பிப் படம் எடுத்தவர் நீங்கள்தானே?"

"ஓம்."

"பிறகேன் இஞ்ச வந்தனீங்கள்?"