கப்பல் அடிபிடித்த கதை

எதை வேண்டுமானாலும் அரைகுறையாகத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதை மாமனார் வீட்டில் விளக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்கு எண்பதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தியேட்டர் பால்கனியில் வந்தது.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். சினிமாத் தந்திரக் காட்சிகளைப் பற்றி ஒரு பழைய பத்திரிகையில் ஒன்றரைப் பக்கம் படித்திருந்தேன். (மீதி அரைப் பக்கத்தில் யாரோ வடை மடித்துக் கொண்டுபோய்விட்டார்கள்.) கப்பல் சண்டைப் படங்களில் வருவதெல்லாம் தொட்டியில் மிதக்கும் பொம்மைகள். கப்பலைச் சின்னதாகச் செய்யலாம், தண்ணீரைச் சின்னதாகச் செய்ய முடியாது. தெறிக்கும் துளி தேங்காய் அளவு இருந்தால் அது பொம்மை. இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு மில் கேண்டீனில் எல்லாப் படத்துக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து உலகப்போர்க் கப்பல் படம் ஒன்றுக்குப் போஸ்டர் ஒட்டினார்கள். இங்கிலீஷ் படம். கப்பல் இரண்டாகப் பிளந்து எரிந்துகொண்டிருந்தது. இதை எப்படி எடுத்திருப்பான் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. படமோ எங்கள் ஊருக்கு வராமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது. நல்லவேளை, நான் பெண் எடுத்ததும் அந்த ஊரில்தான். மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிப்போவது வழக்கம். "என்ன படத்துக்குப் போவோம் மாப்ள?" என்று மாமா கேட்டு முடிக்கும் முன் நான் சட்டையை மாட்டிவிட்டேன். மூத்த மருமகன் பேங்க் ஆபீசர். எனக்கு 'விஷயம் தெரிஞ்ச மாப்பிள்ளை' என்ற பேராவது வேண்டும்.

மாமா வீட்டில் பால்கோவா கிண்டும் தொழில். அன்று அடுப்பை அணைத்துவிட்டுக் குடும்பமே கிளம்பியது. பால்கனியில், ஆபரேட்டர் ரூமுக்கு நேர் கீழே வரிசையாக உட்கார்ந்தோம். புது மாப்பிள்ளையிடம் அத்தை நேராகப் பேச மாட்டார். எல்லாம் என் மனைவி செல்வி வழியாகத்தான்.

இடைவேளை வரை நான் துளிகளை அளந்தேன். மாமா அதைப் பின்வரிசைக்கு ஒலிபரப்பினார். "எங்க மாப்ள சொல்லுதாரு, அம்புட்டும் பொம்மையாம்!"

பிறகுதான் அந்தக் காட்சி வந்தது. குண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. கேப்டன் திகைத்து நிற்கிறார். அவர் கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றியது. அது பெரிதாகி, ஓரம் சுருண்டு, குமிழ் குமிழாகக் கொதித்து, கேப்டனையும் கப்பலையும் கடலையும் தின்றுவிட்டது.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "மாமா, இது பொம்மையே இல்ல! இதுதான் எஃபெக்ட்!" என்று கைதட்டினேன். மாமா தட்டினார். பால்கனியே தட்டியது.

அத்தை மட்டும் மோப்பம் பிடித்தார். "ஏட்டி, என்னமோ அடிபிடிச்ச வாட வருதே. அடுப்ப அணைச்சியா இல்லியா?" என்று செல்வியைக் கேட்டுக்கொண்டே புறப்பட எழுந்தார்.

"அத்தைய உக்காரச் சொல்லு. அது கப்பல் எரியுற வாடை. இங்கிலீஷ்காரன் வாடையையும் சேத்துத்தான் அனுப்புவான்" என்றேன். (ஆமாம், சொன்னேன். இதே வாயால்தான்.)

மாப்பிள்ளை பேச்சுக்கு மரியாதை கொடுத்து அத்தை உட்கார்ந்தார். மேலேயிருந்து ஆபரேட்டர் அலறினார்: "ஏலே, லைட்டப் போடு! ஃபிலிம் மாட்டிக்கிட்டு எரியுது!"

விளக்குகள் எரிந்தன. திரையில் ஒன்றுமில்லாததால் பால்கனி மொத்தமும் என்னைப் பார்த்தது. அப்போதுதான் அத்தை முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார். "அப்ப எரிஞ்சது நம்ம அடுப்பு இல்ல, என்ன மாப்ள?"

கருகிய துண்டை வெட்டி ஒட்டிப் படத்தை மறுபடி ஓட்டினார்கள். கேப்டன் மனைவி கடற்கரையில் அழுதுகொண்டிருந்தார். கப்பல் எப்படி மூழ்கியது என்று கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

அதிலிருந்து அந்த வீட்டில் பால் அடிபிடித்தது என்ற பேச்சே கிடையாது. வாடை வந்தால், "ஏட்டி, கப்பல் வந்துருச்சு, ஓடு!" என்பார்கள்.

பல வருஷம் கழித்து, கேபிள் டிவி வந்த பிறகு, அந்தப் படத்தை ஒரு நாள் போட்டார்கள். மாமனார் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். குண்டு வந்தது. கப்பல் பிளந்தது. துளிகள் தேங்காய் தேங்காயாகத் தெறித்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தை மூக்கை நீட்டி இரண்டு தரம் மோந்து பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான் மாப்ள. வாடதான் வரல."