வேர் பிடித்ததா என்று பார்த்த கதை

ஒரு காட்டில், மழை பெய்தால் வீடு தேடி இறங்கி வரும் சரிவு ஒன்று இருந்தது. அதன் அடிவாரத்தில் வளை வைத்திருந்த வடிவு என்ற வெள்ளெலிக்கு ஐப்பசி வந்தாலே தூக்கம் போய்விடும். போன மழையில் வளை வாசலை மண் மூடி, குட்டிகளோடு செத்துப் பிழைத்திருந்தது.

இந்த முறை விடக்கூடாது என்று, ஓடைக்கரையிலிருந்து வெட்டிவேர்த் தூர்களை இழுத்து வந்து, சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக நெருக்கி நட்டது. புல் தழைத்தது. கோடைமழைத் தண்ணீர் அந்த வரிசைகளில் முட்டி, மண்ணை அங்கேயே போட்டுவிட்டுத் தெளிந்து இறங்கியது. வடிவுக்குப் பெருமை தாங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அரசாங்கத்துக்குச் சொல்லித் தொலைத்தது.

மண்காப்புத் துறை ஆய்வாளர் வந்தார். காட்டுப்பன்றி. மண்ணில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று சிங்கராஜா தேடிப் பிடித்துப் போட்ட ஆள்.

“வேர் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்குங்கய்யா. மேலே எப்படித் தழைச்சிருக்கு பாருங்க.”

“மேலே யார் வேணா தழைக்கலாம். துறைக்கு வேர்தாம்மா முக்கியம்.”

மூக்கை விட்டு ஒரு தூரைக் கிளப்பினார். தொங்கிய வேரோடு செல்பி எடுத்துக்கொண்டார். “அருமையாப் பிடிச்சிருக்கு! பக்கத்துல இருக்கறதையும் பாத்துடுவோம்.”

மறுவாரம் மேலதிகாரி யானை வந்தார். “நல்லாப் பிடிச்சிருந்தா என்னால பிடுங்க முடியக்கூடாதே” என்று வரிசையாகப் பிடுங்கிப் பார்த்தார். முடிந்தது. வாசனை மனதுக்குப் பிடித்துப்போய், ராஜாவின் குகைக்குத் தட்டி கட்ட ஒரு கட்டு தூக்கிக்கொண்டும் போனார்.

ஐப்பசி மழையில் சரிவு மொத்தமாக இறங்கியது. வடிவின் கடைக்குட்டி மண்ணுக்குள்ளேயே போயிற்று.

விசாரணை நடந்தது. வேர் ஒழுங்காகப் பிடித்திருந்ததற்குப் படம் இருந்ததால், மண்தான் ஒத்துழைக்கவில்லை என்று முடிவானது. கேட்டுக்கொண்டிருந்த வடிவுக்கு அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

அடுத்த ஆண்டும் நட்டது. பன்றி வந்து நின்றார்.

“இதென்னம்மா, வரிசையா?”

“களைங்கய்யா. எவ்வளவு பிடுங்கினாலும் போகமாட்டேங்குது. நீங்க கொஞ்சம் பிடுங்கித் தந்தா புண்ணியமாப் போகும்.”

பன்றி பதறிப் பின்வாங்கினார். “களையெடுக்கறது நம்ம துறை இல்லம்மா. அதுக்கு வேற இடத்துல மனு போடு.”

மழை கொட்டித் தீர்த்தது. சரிவு அசையவில்லை. குட்டிகள் நனையாமல் தூங்கின. எதுவும் நடாமல் விட்டால் மண் தானாகவே நிற்கும் என்று கண்டுபிடித்ததற்காகப் பன்றிக்கு ராஜா கையால் பதக்கம் கிடைத்தது. அந்த விழாவில் வடிவு முன்வரிசையில் உட்கார்ந்து, கை வலிக்கும் வரை தட்டியது.

நீதி: நல்லது எதையாவது நட்டால், கேட்பவரிடம் களை என்று சொல். வேர் பிடிக்கும்.